பூவரசுக்கு மூன்று மூட்டை உப்பு

தூத்துக்குடியில் உப்பை வாரிப் பிழைத்தவர்கள் உண்டு, உப்பை விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. உப்பை நம்பிப் பிழைத்தவர் தாணுலிங்கம் ஒருவர்தான். ஊருக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் அவர் கங்காணி. இருபத்திரண்டு வருஷம் பாத்தி வரப்பில் நடந்து நடந்து, உள்ளங்கால் வெளுத்து, கண் சுருங்கி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உலகத்தில் உப்பால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை.

பல்வலிக்கு உப்பு, தொண்டைக்கட்டுக்கு உப்பு, கண்ணேறுக்கு உப்பு என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தாணுலிங்கம் அதோடு நிற்கிற ஆள் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற உலகச் சண்டைக் காலத்தில், விளக்கில் ஒரு கை உப்பைப் போட்டால் எண்ணெய் இரட்டிப்பு நாள் வரும் என்று தெரு முழுக்கச் சொன்னார். தெருவில் பாதி விளக்கு அணைந்து போயிற்று. அவருடைய வாசல் கதவு கிறீச்சிட்டபோது கீலில் உப்புத் தண்ணீர் விட்டார். நாலு மாதத்தில் கீல் துருப்பிடித்து, கதவு கழன்று விழுந்தது. "பாத்தியா, இப்பம் கிறீச்சிடுதா?" என்று மனைவியிடம் கேட்டார். மாமனார் வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பழம் வாங்கிப் போவார்கள். இவர் ஒரு கடகப்பெட்டி நிறையக் கல்லுப்பைச் சுமந்துகொண்டு போவார்.

இந்த மனிதரோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள் வடிவம்மாள். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். இனிப்பிலே பிறந்து உப்பிலே வந்து விழுந்தேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டு பேர் என்றா சொன்னேன்? மூன்றாவதாக ஒரு பூவரசமரம் இருந்தது. அடுக்களைச் சுவரை ஒட்டி, யாரும் நடாமல், தானாக முளைத்து வளர்ந்தது. நிழல் தந்ததைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அதன் வேர் அடுக்களைத் தரையைத் தூக்கியது. அதன் கிளை ஓலைக்கூரை மேல் படுத்துக்கொண்டது. மழைக்காலம் வந்தால் இலைக்கு ஒன்றாகக் கம்பளிப்பூச்சி அடைந்து, கூரை வழியாக இறங்கி, அம்மி, உரல், அடுப்புமேடை என்று ஓரிடம் பாக்கியில்லாமல் நடமாடியது. வடிவம்மாள் ஏழு வருஷமாக அந்த மரத்தை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாணுலிங்கமும் ஏழு வருஷமாக "வெட்டிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி இரண்டு பேரும் சொன்ன சொல் மாறாமல் இருந்தார்கள்.

நாற்பத்தேழாம் வருஷம் கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலையில், புளி எடுக்கக் குனிந்த வடிவம்மாளின் பின்கழுத்தில் ஒரு கம்பளிப்பூச்சி விழுந்தது. கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் தடித்துச் சிவந்துவிட்டது. அரிப்புத் தாங்காமல் அவள் துடித்துக்கொண்டிருந்தபோது தாணுலிங்கம் ஓடி வந்தார். கையில் என்ன இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பை அம்மியில் வைத்து நுணுக்கி, சுண்ணாம்பு கலந்து, இரண்டு கையாலும் அள்ளித் தேய்த்துவிட்டார்.

வடிவம்மாள் போட்ட கூச்சலில், சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த பிளாரன்ஸ், யாரோ யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தாள். பிளாரன்ஸின் புருஷன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியை நடத்துகிற தண்டல். வருஷத்தில் பாதி நாள் அவன் கடலில் இருப்பதால், பேசுவதற்கு ஆளில்லாமல் அவள் பாதி நாள் இந்தச் சுவரோரம் இருப்பாள்.

"மாதாவே! புண்ணுல உப்பயா தேய்ச்சீய? அண்ணாச்சி, அவ என்ன கருவாடா?" என்று கத்தியபடி தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்தாள்.

"எரியத்தான் செய்யும். எரிஞ்சாத்தான் விஷம் எறங்கும்" என்றார் தாணுலிங்கம்.

வடிவம்மாள் எண்ணெயைத் தடவிக்கொண்டாள், குளித்தாள், சோறு வடித்து மூடி வைத்தாள். பிறகு தகரப்பெட்டியில் நாலு சேலையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இங்க பாருங்க. ஏழு வருஷமாச் சொல்லியாச்சு. அந்த மரம் போனாத்தான் நான் இந்த வீட்டுக்கு வருவேன்" என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். அவள் உடன்குடிக்குப் பஸ் ஏறிப் போய், அடுத்த நாளும் வரவில்லை என்றபோதுதான் நிஜம் என்று புரிந்தது. புரிந்ததும் கோடரியைத் தேடினார்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். அதனால் அளத்தாட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து, ஒரே நாளில் மரத்தைச் சாய்த்துவிட்டார். கிளைகளைக் கழித்து ஒருபக்கம் அடுக்கினார். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது.

சுவருக்கு மேலே பிளாரன்ஸின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, பூவரசு லேசுல சாகாது. வேரத் தோண்டி எடுங்க. இல்லன்னா மறுபடி துளுக்கும்."

"தோண்டினா அடுக்களைச் சுவரு சேர்ந்து வந்துரும் பிளாரன்சு. சும்மா விட்டுருவேன்னு நெனச்சியா? உப்பு வைக்கப் போறேன்."

"பூவரசுக்கா?"

"எதுக்கும் வைக்கலாம். எங்க அளத்துல ஒரு புல்லு மொளைச்சு நீ பாத்திருக்கியா?"

பிளாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்கினால் அவருக்கு உடனே வேலை வந்துவிடும்.

அந்த வருஷம்தான் உப்புக்கு வரி போயிருந்தது. முதலாளியிடம் கேட்டதும் மூன்று மூட்டை கொடுத்துவிட்டார். தாணுலிங்கம் கட்டையின் நடுவில் முழத்துக்குத் துளை போட்டு, அதில் உப்பை இடித்து நிரப்பினார். மிச்சத்தை வேரைச் சுற்றிக் கொட்டி, களிமண்ணால் பூசி மெழுகினார். அது போதாதென்று, உப்பு எடுத்த பிறகு மிஞ்சி, அளத்துத் தொட்டியில் தேக்கி வைத்திருந்த கசப்புத் தண்ணீரைத் தினமும் இரண்டு குடம் தூக்கி வந்து மேலே ஊற்றினார். ஒரு மரத்துக்கு இவ்வளவு பணிவிடை அந்த ஊரில் யாரும் செய்ததில்லை.

பிறகு உடன்குடிக்கு ஒரு கார்டு எழுதினார். "மரம் ஒழிந்தது. உப்பு மூன்று மூட்டை வைத்தாயிற்று. நடுவில் ஒரு மூட்டை, சுற்றி இரண்டு மூட்டை. மேற்கொண்டு கசப்புத் தண்ணீரும் ஊற்றி வருகிறேன். புறப்பட்டு வரவும்." கழுத்து ஆறிவிட்டதா என்று கேட்க வேண்டும் என்று எழுதும்போது நினைத்தார். ஆனால் உப்பின் விவரத்திலேயே கார்டு நிரம்பிவிட்டது.

பதில் பத்து நாளில் வந்தது. "பொங்கல் கழித்து பால்துரை வந்து பார்ப்பான். அவன் சொன்னால் வருகிறேன்." பால்துரை அவளுடைய தம்பி.

தாணுலிங்கத்துக்கு இது போதுமானதாக இருந்தது. அவள் வந்தால் அசந்து போகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. மரம் போனதும் அடுக்களைப் பக்கம் வெயில் வந்து விழுந்தது. அங்கே ஒரு பந்தல் போட்டால் அவள் நிழலில் உட்கார்ந்து மீன் கழுவலாம், நெல் புடைக்கலாம். பந்தல்காலுக்கு எங்கே போவது? வெட்டிய கிளைகள் கைத்தடிமன், தொடைத்தடிமன் என்று விதவிதமாகப் பக்கத்திலேயே கிடந்தன. காசு செலவில்லை.

பதினோரு கால் நட்டார். மேலே பனையோலை வேய்ந்தார். கறையான் அரிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு குழியிலும் இரண்டு கை உப்பைப் போட்டுத்தான் காலை இறக்கினார். மண் இறுக வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். வேலை முடிந்து பந்தலுக்கு அடியில் நின்று பார்த்தபோது, வடிவம்மாள் வந்து நின்று, "பரவாயில்லியே" என்று சொல்லுகிற மாதிரியே அவருக்கு இருந்தது. அந்த நினைப்பில் அன்றைக்கு இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றினார்.

மார்கழி பாதியில் அடிக்கட்டையில் களிமண் வெடித்தது. வெடிப்பில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. தாணுலிங்கம் குனிந்து பார்த்தார். துளிர். ஒன்றல்ல, எண்ணினால் பதினேழு. அவர் நிமிர்ந்து, சாகப் போகிற மரம் கடைசியாக ஒருமுறை துளிர்க்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படி யாரும் எங்கேயும் சொன்னதில்லை. இருந்தாலும் இன்னும் ஒரு குடம் கசப்புத் தண்ணீரை ஊற்றினார். மரம் அதையும் குடித்தது.

அடுத்த வாரம் பந்தல்கால்கள் துளிர்த்தன. முதலில் கிழக்கு மூலையில் ஒன்று, அதைப் பார்த்து மற்றவை. ஒரு காலில் இலை நெஞ்சாங்குலை வடிவத்தில், உள்ளங்கை அகலம் விரிந்து காற்றில் ஆடியது. பதினோரு காலிலும் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

"அண்ணாச்சி, தோப்பு நல்லா வந்திருக்கு" என்றாள் சுவருக்கு மேலிருந்து பிளாரன்ஸ். "உப்பு போட்டீயளே, அதான்."

தாணுலிங்கத்துக்கு வேலை வந்துவிட்டது. உள்ளே போய்விட்டார்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் பால்துரை வருவதாகத் தகவல் வந்தது. தாணுலிங்கம் முந்தின நாள் முழுக்க உட்காரவில்லை. பந்தல்கால் பதினொன்றிலும் துளிரை உருவி எறிந்தார். உருவின இடம் பச்சையாகத் தெரிந்தது என்று எல்லாக் காலுக்கும் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பு மட்டும் அடித்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே காவிப்பட்டை இழுத்தார். வீடு பார்ப்பதற்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. அடிக்கட்டையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதில் துளிர் இப்போது இடுப்பளவு குச்சியாக நின்றது. வெட்டினால் வெட்டின வாய் காட்டிக் கொடுக்கும். கடைசியில் குச்சிகளையெல்லாம் சுருட்டி வளைத்து அமுக்கி, மேலே கல்யாண வீட்டுக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டாவைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்தார்.

பால்துரை வந்தான். நல்ல உயரம், நல்ல பருமன், ஆனால் கம்பளிப்பூச்சி என்றால் ஏழு ஊர் தள்ளி ஓடுகிறவன். தலையிலிருந்து கழுத்து வரை துண்டைச் சுற்றி, கண் மட்டும் தெரிய, கையில் கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டானோடு வாசலில் நின்றான்.

"அத்தான், மரம் போயிட்டுல்லா?"

"நீயே பாரு மாப்ள. எங்கனயாவது இருக்கா?"

பால்துரை மேலே பார்த்தான். வானம் தெரிந்தது. துண்டை அவிழ்த்தான். "அக்கா சந்தோசப்படுவா. இது என்ன அத்தான், தூணுக்குக் காவி?"

"பொங்கலுக்கு அடிச்சேன்."

"வாசலுக்கு அடிக்கலியே?"

"வாசலு அடுத்த வருசம்."

பால்துரை தலையை ஆட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தான். தாணுலிங்கம் அவசரமாக மோரைக் கொண்டுவந்தார். குடித்துக்கொண்டே பால்துரை அண்டாவைப் பார்த்தான்.

"அது என்ன, அண்டாவக் கவுத்து வச்சிருக்கு?"

"கோழி. அடைக்கு வச்சிருக்கேன்."

"கோழிக்கு மூச்சு முட்டாதா?" பால்துரை இளகின மனசுக்காரன். எழுந்து போய், கல்லை நகர்த்தி, அண்டாவைத் தூக்கினான்.

வளைந்து அமுங்கிக் கிடந்த பதினேழு குச்சியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நாலைந்து குச்சி பால்துரையின் முகத்தில் சாட்டையாக அடித்தது. அவன் அண்டாவைக் கைவிட்டுப் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவன் ஒரு பந்தல்காலைக் கட்டிப்பிடித்தான். கை வைத்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்து வந்தது. உள்ளே பச்சைப்பட்டை. பட்டையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய ஒரு துளிர். அவன் அடுத்த காலைப் பார்த்தான், அதற்கடுத்த காலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போனவன் கையை நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டான்.

"அத்தான், அக்கா வெட்டச் சொன்னது ஒரு மரம்."

"ஆமா."

"இங்கன பன்னெண்டு இருக்கு."

தாணுலிங்கம் மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் உப்பு…" என்று தொடங்கினார். பால்துரை துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, சாப்பிடக்கூடச் செய்யாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். தெருமுனை போகிற வரைக்கும் அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. ஆனால் தாணுலிங்கத்துக்குத் தெரிந்துதான் இருந்தது.

மூன்று நாளில் அளத்தில் எல்லாருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. "கங்காணி அண்ணாச்சி, எங்க வீட்டு முருங்கை காய்க்க மாட்டேங்குது, ஒரு மூட்டை உப்பு வைக்கவா?" என்று ஒருவன் கேட்டான். அவர் அவனுக்கு அரைநாள் கூலியை வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, பிறகு மனசு வராமல் விட்டுவிட்டார்.

ஒருநாள் பிளாரன்ஸ் சுவருக்கு மேலே வந்து, கேலி இல்லாத குரலில் சொன்னாள். "அண்ணாச்சி, அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. கடக்கரையில தோணி கட்டுற எடத்துல நிக்குதே பூவரசு, அதெல்லாம் எந்தத் தண்ணியக் குடிச்சு நிக்குது? போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை தோணியில் உப்பு ஏற்றும்போது அந்த மரங்களுக்கு அடியில்தான் அவர் சோற்றுப்பானையைத் திறப்பார். அப்போது ஓதம் ஏறியிருந்தது. கடல்தண்ணீர் வந்து வேரை நனைத்துவிட்டுப் போயிற்று, மறுபடி வந்து நனைத்தது. மரம் மஞ்சள் பூவும் சிவந்த பூவுமாகக் குஷாலாக நின்றது. இருபத்திரண்டு வருஷம் இதன் நிழலில் உட்கார்ந்துகொண்டு, உப்புப் பட்டால் எந்த மரமும் சாகும் என்று நாலு பேருக்கு அவர் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காது சூடாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தார். வாயில் வைத்தால் கரித்தது. நேற்றும் கரித்தது, முந்தாநாள் உப்பே இல்லை. கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்பது அவருக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை, அது வடிவம்மாளின் கைக்குத்தான் தெரியும். கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் இல்லாமல் தன்னால் இருக்க முடியவில்லை என்று முதல்முறையாக நினைத்தார். மாசி முழுக்க நினைத்துக்கொண்டே கஞ்சி குடித்தார். பங்குனி பிறந்ததும் அளத்தில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பஸ் கரியில் ஓடுகிற பழைய வண்டி. திருச்செந்தூர் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

உடன்குடியில் வடிவம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க" என்றாள். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுபடி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"மரம்…" என்றார் தாணுலிங்கம்.

"பால்துரை சொன்னான். பன்னெண்டாமே."

"நேத்து எண்ணினேன். பதினாலு. வேருல இருந்து ரெண்டு கெளம்பியிருக்கு."

வடிவம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் தண்ணீரைக் குடித்தார். குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்து, வைத்த செம்பைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"எனக்குத் தெரியல வடிவு. என்னத்தச் செஞ்சா அது சாகும்னு எனக்குத் தெரியல. நீ சொல்லு."

அவள் கை நின்றது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத பேச்சு அது. கையிலிருந்த கருப்பட்டியைக் கொட்டானில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் வந்து எத்தன மாசம்?"

"நாலு."

"நாலு மாசமா நீங்க ஏன் இங்கன வரல?"

"மரம் போகலியே. அது போனாத்தான வருவேன்னு நீ சொன்ன?"

"மரம் போனாத்தான் நான் அங்கன வருவேன்னு சொன்னேன். மரம் போனாத்தான் நீங்க இங்கன வரணும்னு நான் எப்பம் சொன்னேன்?"

தாணுலிங்கத்துக்கு இந்தத் தடவை வேலையும் வரவில்லை. நாலு மாதம் அவர் ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது மைல் தள்ளி அவள் இருந்தாள், இரண்டு பஸ் ஏறினால் போதும். ஒருநாள்கூட அது அவருக்குத் தோன்றவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

"வந்த நாள்லருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் வடிவம்மாள். "புருசன் வருவாருன்னு பாத்தா, கார்டு வருது. கார்டப் படிச்சா உப்புக் கணக்கு. அந்த வாரம் பூரா எனக்குக் கழுத்து வீங்கிக் காய்ச்சலு. கேட்டீயளா?"

"எழுத எடம் பத்தல" என்றார் அவர். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று அவருக்கே தெரிந்தது. "தப்புதான் வடிவு. தப்புதான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கருப்பட்டிக்கு விலை சொல்லுகிற குரலில், தலையைத் தூக்காமல் சொல்லத் தொடங்கினாள்.

"பந்தக்கால முதல்ல பிடுங்குங்க. பச்சக் கம்ப நட்டுவச்சுத் தெனம் தண்ணி ஊத்தினா மொளைக்காம என்ன செய்யும்? பிடுங்கி வெயில்ல போட்டுக் காயவிட்டா, அடுப்பெரிக்க ஆவும். நட்ட கால்ல ஒண்ணுகூட மண்ணுல இருக்கக் கூடாது."

"சரி."

"கட்டைக்கு உப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். துளிரக் கிள்ளணும். தெனம் காலையில கிள்ளணும். ஒரு எல விரியவிடக் கூடாது. எல இல்லன்னா வேருக்கு எங்கன இருந்து சாப்பாடு வரும்? பட்டினி கெடந்து தானா மக்கிப் போவும். எங்க பெரியப்பா தோட்டத்துல கெணத்தடிப் பூவரச அப்படித்தான் கொன்னாங்க."

"எத்தன நாள் ஆவும்?"

"ஒரு வருசம் ஆவும்."

தாணுலிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. "ஒரு வருசமா? அதுவரைக்கும் நீ இங்கனயே இருப்பியா?"

வடிவம்மாள் இன்னொரு கருப்பட்டியை எடுத்து அடுக்கினாள்.

"நான் கிள்ளுவேன் வடிவு. விடியமுன்ன அளத்துக்குப் போகணும், அதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கிள்ளுவேன். ஒருநாள் விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை பஸ்ஸு ஏறி இங்கன வந்து உன்னப் பாத்துட்டுப் போறேன். ஒரு வருசம்னா ஒரு வருசம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பித்தான் இல்லை. வேட்டியில் சுண்ணாம்பும் காவியும் இன்னும் போகவில்லை.

"கிள்ளமாட்டீய" என்றாள். "ரெண்டு நாள் கிள்ளுவீய. மூணாம் நாளு உப்ப எடுத்துருவீய."

"எடுக்கமாட்டேன்."

"எடுப்பீய. உங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லி எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாணுலிங்கம் செம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ தகரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுவாள், போய் நாளைக்குக் காலையில் முதல் துளிரைக் கிள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

வடிவம்மாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மரம் இன்னும் போகலியே வடிவு" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"அது எப்படிப் போவும், நான் வந்து கிள்ளாம? பஸ்ஸு எத்தன மணிக்கு?"

மரம் செத்தது அடுத்த வருஷம் தை மாதத்தில். பதினோரு மாதம் வடிவம்மாள் ஒருநாள் விடாமல் கிள்ளினாள். தாணுலிங்கம் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. அன்றைக்குத் திருச்செந்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குப் போகும்போது, கூட்டமான கூட்டம். பெட்டியைத் தூக்க இரண்டு கூலியாட்கள் ஓடி வந்தார்கள். தாணுலிங்கம் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தலையில் வைத்துக்கொண்டு, அவளை முன்னால் விட்டு, பின்னால் நடந்தார்.